சாரோட பேஷன்ட்

சமீபத்தில் என் கணவரை அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சிறுநீரகத்தில் கல். பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் இருந்த ஒரு பெரியவருக்குத் திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்ததும், நர்ஸ் பெண் தொலைபேசியை எடுத்து ஏதோ எண்ணைத் தட்டினாள். நான் கையிலிருந்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் டாக்டரும் நர்ஸுகளுமாக ஒரு கூட்டம் தள்ளுவண்டியோடு ஓடி வந்து அந்த அறைக்குள் நுழைந்தது. அவர்களில் யாரும் அந்தப் பெரியவருக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் இல்லையாம். எந்த வார்டில் யாருக்கு உடம்பு மோசமானாலும் ஓடுவதற்கென்றே ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். "சொந்தக்காரங்களே கூப்பிடலாம் ஆன்ட்டி. யாரோட பேஷன்ட்டுன்னெல்லாம் கேக்க மாட்டாங்க" என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதேன். என் மகன் பின்னாலேயே வந்து, "கல்லுக்குப் போய் யாராவது அழுவாளாம்மா?" என்றான். அவன் தன் பெரியம்மாவைப் பார்த்ததில்லை.

அக்கா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில், தீபாவளிக்குச் சற்று முன்னால், கர்ப்பப்பையை எடுப்பதற்காக தி. நகரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். பழைய பங்களா ஒன்றை இடித்தும் கட்டியும் அப்படி ஆக்கியிருந்தார்கள். கீழே டாக்டர்கள் உட்காரும் அறைகள், மாடியில் படுக்கைகள். அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர்தான் விசாரித்து விசாரித்து அந்த சர்ஜனைப் பிடித்தார். கைராசிக்காரர் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

அந்த நாளில் பேர்பெற்ற டாக்டர்கள் ஒரே இடத்தில் இருந்து யாரும் பார்த்ததில்லை. காலையில் மயிலாப்பூரில் ஆபரேஷன், மதியம் அடையாறு, அப்புறம் கே.கே. நகர், சாயங்காலம் தி. நகர் என்று காரில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் வந்து போகிற கால் மணி நேரத்துக்காக மற்ற எல்லோரும் நாள் பூராவும் காத்திருக்க வேண்டும். நடுவில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ட்யூட்டி டாக்டர். எங்கள் ட்யூட்டி டாக்டர் அப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு வந்த ஒரு பெண். ஸ்டெதஸ்கோப் கூடப் புதிதாகப் பளபளத்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மத்தியானம் நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஃபேனை நிறுத்துடி, குளிர்றது" என்றாள். நிறுத்தினேன். பார்த்தால் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை, நெற்றிப் பொட்டு கரைந்திருந்தது. கையைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டாள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். பெரிது பெரிதாகக் கொட்டாவி விட்டாள்.

"பசங்களுக்கு டிரிக்னாமெட்ரி எடுக்கறப்போ அவாளுக்கு வர கொட்டாவி, இப்போ எனக்கு ஒட்டிண்டுடுத்து" என்றாள். நான் சிரிக்கவில்லை. எழுந்து போய் நர்ஸைக் கூப்பிட்டேன்.

நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். உடனே மறுபடியும் பார்த்தாள். எவ்வளவு என்று நான் கேட்பதற்குள் வேகமாக வெளியே போனாள். ட்யூட்டி டாக்டர் வந்து வயிற்றில் கை வைத்ததும் அக்கா கத்தினாள். அக்கா கத்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அந்தப் பெண் டிரிப்ஸை வேகமாக ஓடவிட்டு, ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"உள்ள ரத்தக் கசிவு இருக்குமோன்னு பயமா இருக்கு மேடம். சாருக்கு போன் போட்டேன். மயிலாப்பூர்லேருந்து அடையாறுக்குக் கிளம்பிட்டாராம்."

"அவர் வரவரைக்கும் ரத்தம் ஏத்தலாமே? வேற யாரையாவது கூப்பிடலாமே?"

"சாரோட பேஷன்ட், மேடம். சாரைக் கேக்காம நான் எதுவும் பண்ண முடியாது." அவளுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

கீழே வரவேற்பில் இருந்த அம்மாள் வரிசையாக போன் சுழற்றிக்கொண்டிருந்தாள். சர்ஜன் போகும் வழி அவளுக்கு பஸ் ரூட் மாதிரி மனப்பாடம். அடையாறில் கேட்டால் இன்னும் வரவில்லை என்றார்கள். சற்றுப் பொறுத்துக் கேட்டால் வந்துவிட்டு இப்போதுதான் கிளம்பினார் என்றார்கள். "பேஜர் அடிச்சாச்சும்மா. அவர் எங்கயாவது எறங்கி போன் பண்ணாத்தான் உண்டு" என்றாள். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் இருந்த கதவையும், அதில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையையும் பார்த்தேன். நகரத்தில் பெயர் சொன்னால் தெரியும்படியான ஒரு பிசிஷியன். உள்ளே உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அக்கா படுத்திருந்தது அவர் தலைக்கு நேர் மேலே.

நான் கதவைத் தள்ளினேன். வெளியே காத்திருந்தவர்களில் ஒரு பெரிய உடம்புக்காரர் எழுந்து, "இன்னாம்மா, நாங்கல்லாம் எவ்ளோ நேரமா குந்திக்கினு கீறோம், நீ பாட்டுக்கு உள்ள பூர்றே? டோக்கன் எடு" என்று மறித்தார். "என் அக்கா மாடியில செத்துண்டிருக்கா, வழிய விடுய்யா" என்று கத்தினேன். அவர் பாவம், வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார். அத்திம்பேர் மாடிப் படியில் நின்றுகொண்டு கை காட்டி என்னை அடக்கினார். "கத்தாதே. சித்த பொறு. பெரிய மனுஷா. நாளைக்கும் அவா மொகத்துல முழிக்கணும்."

"நாளைக்கு அக்கா மொகத்துல முழிக்க வேண்டாமா?" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு அப்போது யார்மேலும் இரக்கம் இல்லை.

டோக்கன் இல்லாமல் உள்ளே நுழைந்த என்மேல் பிசிஷியன் கோபப்படவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இரண்டு கேள்விகள் கேட்டார். என் பதில்களைக் கேட்டு அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அக்காவுக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருப்பார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவரோட பேஷன்ட்ம்மா. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் மேல வரேன். இருங்க, நானே பிடிக்கறேன்."

அவரே எண்களைச் சுழற்றினார். கே.கே. நகரில் கேட்டார். மறுபடி அடையாறு. சர்ஜனின் வீட்டுக்கு. கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையோடு ஒரு நோயாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசிஷியன் ரிசீவரைக் காதில் வைத்தபடியே எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"டாக்டர், இத்தனை போன் பண்ற நேரத்துல நீங்க மாடி ஏறி எறங்கியிருக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் கை வெச்சு ஏதாவது ஆச்சுன்னா, என் பேஷன்ட்ட நீ யார் பாக்கறதுக்குன்னு கேப்பார். அப்படித்தான்ம்மா நாங்க இருந்துண்டு வரோம். இவர் பேஷன்ட்ட அவர் தொடறதில்லை." இதை அவர் திமிராகச் சொல்லியிருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன். ரொம்ப அன்பாகச் சொன்னார். அதனாலேயே இன்றுவரை என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை.

மாடிக்கு ஓடினேன். அக்காவின் நகங்கள் வெளுத்திருந்தன. உதடும் முகமும் ஒரே நிறமாகிவிட்டிருந்தன. மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. என்னைப் பார்த்ததும் மாஸ்க்கை விலக்கி, "டோக்கன் கெடைச்சுதா?" என்றாள். கீழே நாங்கள் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் அவள் பாதத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூடே ஏறவில்லை. ட்யூட்டி டாக்டர் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள்.

வெளியே தெருவில் தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த கூட்டம் நெரிந்தது. பேஜரைப் பார்த்துவிட்டு நேரே கிளம்பி வந்த சர்ஜனின் கார் பனகல் பார்க் பக்கம் மாட்டிக்கொண்டு நகரவே இல்லையாம். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, ஜனங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்காவின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், தியேட்டர், ரத்தம், மயக்க மருந்து டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் கத்தினார். அவர் பின்னாலேயே பிசிஷியனும் ஏறி வந்து வாசலில் நின்றார். இப்போது வரலாம் போலிருக்கிறது.

சர்ஜன் திரும்பினார். ட்யூட்டி டாக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கீழ டாக்டர் உக்காந்திருக்காரே. அவரைக் கூப்பிடணும்னு உங்க யாருக்குமா தோணல? நீங்க கூடவே இருந்தீங்களேம்மா!"

ட்யூட்டி டாக்டர் தரையைப் பார்த்தாள். பிசிஷியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வாயாடி என்று எங்கள் தெருவுக்கே தெரியும். எனக்கும் அந்த நேரம் பார்த்து நாக்கு புரளவில்லை. கட்டிலைத் தள்ள ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் சக்கரத்தை விடுவிக்கும்போது அக்கா கண்ணைத் திறந்து மாஸ்க்கை நகர்த்தினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சுக்காக நின்றாள்.

"அவ போய்க் கூப்பிட்டா டாக்டர். அவளைக் கோச்சுக்காதீங்கோ."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா தியேட்டரிலிருந்து திரும்பி வரவில்லை. அவளிடம் மிச்சம் இருந்ததே நாலைந்து மூச்சு. அதையும் என்மேல் பழி விழக்கூடாது என்று எனக்காகச் செலவழித்துவிட்டுப் போனாள்.