ஏழு மணி என்று அனுப்பிய செய்தி

துருக்கியின் இஸ்மிர் நகரில் எங்கள் யூதக் குடும்பங்களில் லிசெட் ஃப்ராங்கோவைத் தெரியாதவர்கள் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை, கப்பல் அலுவலகத்தில் கணவர், இரண்டு பையன்கள். எங்கள் கூட்டம் சின்னது. வருஷத்துக்கு இரண்டு இளம் குடும்பங்களாவது பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போய்விடும். மிச்சமிருக்கும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறியாமலே வளர்ந்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. அதனால்தான் தொழுகைக்கூடத்துக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் வழக்கத்தை ஆரம்பித்தாள்.

முதல் மாதம் நான்கே குடும்பங்கள். அடுத்த மாதம் என் வீட்டுக்கே வந்து என் மகளுக்குச் செருப்பு மாட்டினாள். "கிளம்புடி பெகி, சோம்பேறி. உம் புருஷன் கால்பந்து பாக்கட்டும், புள்ளையக் குடு." இரண்டு வருஷத்தில் பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி மீரா, ஐந்து வயது. அப்பா ரெஃபாயேல் எங்கள் ஆள், மின்சார வேலை செய்பவர். அம்மா குல்டென் முஸ்லிம் வீட்டில் பிறந்தவள். பிள்ளை தாயின் வழி என்பது எங்கள் சட்டம்; அதன்படி மீரா யூதப் பிள்ளை இல்லை. விஷயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. குல்டென் எல்லோருக்கும் முன்பே வந்து மாவு பிசைவாள். லிசெட்டை "அக்கா, அக்கா" என்று சுற்றி வருவாள்.

அந்த வருஷம், எட்டு நாள் விளக்கேற்றும் ஹனுக்கா பண்டிகையின் கடைசி நாள், எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றுவதாக ஏற்பாடு. சீட்டுக் குலுக்கியதில் மீராவின் பெயரும் வந்தது. மறுநாளே தொழுகைக்கூட நிர்வாகக் குழுத் தலைவி எஸ்த்ரேயா லிசெட்டுக்குப் போன் செய்தார்.

"அந்தக் கொழந்தைய நான் ஒண்ணும் சொல்லல. வரட்டும், சாப்பிடட்டும். ஆனா விளக்கு ஏத்துறது நம்ம புள்ளைங்க. பேர மாத்திடு."

லிசெட் "சரிம்மா" என்று சொல்லிவிட்டாள். மண்டபத்துச் சாவி எஸ்த்ரேயாவிடம் இருந்தது.

குல்டெனிடம் போய் நேரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எல்லோருக்கும் ஐந்து மணி என்று செய்தி அனுப்பினாள். குல்டெனுக்கு மட்டும் தனியாக, ஏழு மணி.

மீரா ஏற்றவேண்டிய மெழுகுவத்தியை வேறொரு பையன் ஏற்றினான். எல்லோரும் போன பிறகு நானும் லிசெட்டும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. நீல வெல்வெட் கவுனில் மீரா. பின்னால் ரெஃபாயேலும் குல்டெனும், குல்டென் கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட போரெக் தட்டு. காலி மண்டபத்தைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்துபோனது.

"அய்யோ அக்கா, நேரத்தத் தப்பாப் பாத்துட்டேன் போல. மன்னிச்சுக்கங்க. இவ மத்தியானத்துலேர்ந்து ரெடியா நிக்கிறா."

"பரவால்ல, விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள் லிசெட்.

"ஒண்ணுகூட மிச்சமில்லையா?" என்று மீரா கேட்டாள்.

"தீந்துபோச்சு கண்ணு."

அலமாரியில் அரைப் பெட்டி மெழுகுவத்தி இருந்தது. எனக்கும் தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று புரியாவிட்டாலும் நானும் வாயைத் திறக்கவில்லை. ரெஃபாயேல் எங்களோடு நாற்காலி மடக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குல்டென் என்னிடம் போனில் கேட்டாள்: "உங்களுக்கு வந்த செய்திய அனுப்புறீங்களா? எங்க தப்பு பண்ணேன்னு பாக்கணும்." யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். அவள் பதிலே போடவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. லிசெட்டை அழைத்தேன்.

"நாந்தான் பண்ணேன் பெகி. தெரிஞ்சேதான் பண்ணேன்."

நான்காம் நாள், தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். குல்டென் தேநீர் வைத்தாள். லிசெட் எஸ்த்ரேயாவின் போனிலிருந்து ஆரம்பித்தாள்.

குல்டென் பாதியிலேயே நிறுத்தினாள். "அவங்க மனசுல இருந்தத அவங்க சொன்னாங்க, மேடம். பொய் சொன்னது நீங்க. நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீங்க அதையும் வாங்கிக்கிட்டீங்க."

அந்த 'மேடம்' லிசெட்டைக் குனியவைத்தது.

சமையலறை வாசலில் நின்ற ரெஃபாயேல் சொன்னார்: "தொழுகைக்கு வேண்டிய பத்து ஆம்பள சேரலன்னா எனக்குத்தான் போன் வரும். அப்ப எம் பொண்டாட்டி யாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

தேநீர் ஆறிப்போயிற்று. எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்த மாதச் சாப்பாட்டில் லிசெட் எழுந்து நின்று, தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பலர் தட்டைப் பார்த்தார்கள். "போதும், உக்காருடி, புள்ளைங்க இருக்காங்க" என்றார் ஒருவர். எஸ்த்ரேயா மட்டும் பக்கத்தில் வந்து அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ செஞ்சதுதான் சரி. எதுக்கு வருத்தப்படுற?"

அறை வாங்கியதுபோல் ஆனது லிசெட்டின் முகம். கையை இழுத்துக்கொண்டாள். "இனிமே வர்ற புள்ளைங்க எல்லாம் விளக்கு ஏத்தும். இல்லன்னா நான் நடத்தமாட்டேன்" என்றாள். அதன் பிறகு சாவி எங்களுக்குக் கிடைக்கவில்லை. முறைவைத்து வீடுகளில் கூடினோம். ஏழு குடும்பங்கள் வருவதை நிறுத்திவிட்டன.

அடுத்த ஹனுக்காவுக்கு லிசெட்டின் மாடி வீட்டில் பிள்ளைகள் கம்பளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது, ரெஃபாயேல் மீராவைக் கூட்டிக்கொண்டு வந்தார். குல்டென் மேலே வரவில்லை, தெருவில் காரில் உட்கார்ந்திருந்தாள். மீரா தன் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு மற்றவர்களோடு பம்பரம் சுற்றப் போய்விட்டாள்.

லிசெட் ஒரு தட்டில் பலகாரம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். குல்டென் கார்க் கண்ணாடியை இறக்கித் தட்டை வாங்கினாள், ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கோட்டுகூடப் போடாமல் இறங்கிய லிசெட், நடைபாதையில் குளிரில் நின்றாள். அவளாக மேலே வரமாட்டாள் என்று தெரிந்ததும் நான் கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.