எதிரில் இருப்பவரின் தட்டு

"அண்ணனுக்கு எது பிடிக்குமோ அதை வை," என்று பினாங்கிலிருந்து அத்தை போனில் சொன்னாள். "அவன் செத்து இன்னிக்கு ஏழாம் நாள். வீட்டுக்கு வருவான். இருட்டுறதுக்குள்ள மேசையில சாப்பாட்ட வச்சிட்டு நீ உள்ள போய்க் கதவச் சாத்திக்கோ. எட்டிப் பாக்காதே. உன்னப் பாத்துட்டான்னா கிளம்பமாட்டான்."

"அப்பாவுக்கு எது பிடிக்கும், அத்தை?"

அத்தை அங்கே தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"மகள் நீ. என்னைக் கேக்குறியா?"

"தெரியலையே."

"பிடிக்காதத வச்சா பசியோட போயிடுவான். அப்புறம் காலம் பூரா பசிதான். யோசிச்சு வை."

பெக் ஹூன் போனை வைத்துவிட்டு அப்பாவின் சமையலறையில் நின்றாள். கோலாலம்பூரில், செந்தூல் பக்கம், ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடி. அப்பா கோர் தியாம் ஹோக் இருபது வருடத்துக்கு மேல் இங்கே தனியாக இருந்து ஏர்கண்டிஷன் பழுது பார்த்தார். சீனப் பெருநாளுக்கும் முன்னோர் கல்லறையைக் கும்பிடும் நாளுக்கும் பினாங்கு வருவார். அம்மா தட்டில் போட்டதைச் சாப்பிடுவார். நல்லா இருக்கு என்பார். எல்லாவற்றுக்கும் அதே "நல்லா இருக்கு"தான்.

அலமாரியில் ஒரு சட்டி, ஒரு வாணலி. ஆனால் தட்டு இரண்டு, கரண்டி இரண்டு, கோப்பை இரண்டு. தனி ஆளுக்கு எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் வேலை, தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. ஒன்று தெரியவில்லை என்றால் அளந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் மலாய்க்காரர்கள் வாழும் கம்போங் பாரு. அப்பாவோடு வெகுகாலம் வேலை செய்த மொக்தார் அங்கே இருந்தார். உட்காரச் சொல்லி, சிரப் தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை பேசவிடவில்லை.

"உங்கப்பனா? என் வீட்டுக்காரி வைக்கிற டுரியான் மீன் குழம்புன்னா உயிரு. சட்டிய நக்காத குறைதான்."

"அப்பாவுக்கு டுரியான் வாசமே ஆகாதே, அங்கிள்."

"யாரு சொன்னா?"

"அவரேதான்."

"அப்ப நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டப் பொய் சொல்லியிருக்கான்." மொக்தார் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்கிட்டதான் பிள்ள. என்கிட்ட அவன் வாயா பேசுச்சு? வயிறுல்ல பேசுச்சு!"

டுரியான் ஆகாதவள் அம்மா. வாசம் பட்டாலே வாந்தி எடுப்பாள். அதனால் வீட்டில் அந்தப் பழமே நுழைந்ததில்லை. அப்பாவுக்கும் ஆகாது என்றுதான் பெக் ஹூன் வளர்ந்தாள்.

மொக்தாரின் மனைவி குழம்பை ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். "சட்டி மெதுவா திரும்பி வரட்டும். ஆனா பாத்து வை பிள்ள," என்றாள். எதைப் பார்த்து வைக்க வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. பன்றிக்கறி பட்ட இடத்தில் அந்தச் சட்டி படக் கூடாது.

அடுத்து சற்குணன். அப்பா வேலை செய்த கடையில் வேன் ஓட்டியவர். செந்தூல் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் அவரைப் பிடித்தாள்.

"ஹோக் அண்ணனுக்கா? பாவக்கா வறுவல்மா. வெள்ளிக்கிழமை நான் சைவம். அவரும் எங்கூடத்தான் உக்காருவாரு. கேட்டுக் கேட்டு வாங்குவாரு. 'என்னண்ணே, காவடி எடுக்கப் போறீங்களா?'ன்னு கேலி பண்ணுவோம்."

"கசப்பு பிடிக்குமா அவருக்கு?"

"பிடிக்காமயா அவ்வளவு சாப்பிடுவாரு? இன்னொண்ணு சொல்லவா. எனக்குப் பல்லு சரியில்ல, சாப்பிட நேரமாகும். நான் இலைய மூடுற வரைக்கும் அவரு எந்திரிக்கமாட்டாரு. கையில ரசம் காஞ்சு ஒட்டிக்கிடக்கும், அப்பவும் உக்காந்திருப்பாரு. முதலாளி போன் பண்ணித் திட்டுவாரு. ம்ஹூம்."

பாகற்காய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டாள். இரண்டு அளவு, இரண்டும் ஒத்துவரவில்லை. மூன்றாவது வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. அடுக்குமாடிக்குக் கீழே, யாப் ஆண்ட்டியின் மீ நூடுல்ஸ் கடையில் ஒதுங்கினாள்.

"ஹோக்கா! பன்னி ஈரல் போட்ட மீ சூப்," என்றாள் ஆண்ட்டி, கேட்டு முடிப்பதற்குள். "ஈரல் பாதி வேக்காடா இருக்கணும். உக்காரு, போட்டுத் தர்றேன். ஏய், அந்தத் தூக்குச்சட்டி மலாய்க்காரங்க வீட்டுதா? மேசையில வைக்காதே! இங்க பூராவும் பன்னி எண்ணெய்."

பெக் ஹூன் சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். சூடு தொடையில் இறங்கியது. பாகற்காய்ப் பொட்டலம் கையில். ஈரல் மீயும் வந்துவிட்டால் எங்கே வைப்பது? மூன்றையும் ஒரே மேசையில் பரப்பிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். முடியாது. இந்தச் சட்டி அந்தக் கிண்ணத்தோடு உட்காராது. சைவப் பாகற்காய் இரண்டோடும் உட்காராது.

அப்படியானால் அப்பா எப்படி உட்கார்ந்தார்?

வேலையில் புதிதாகச் சேர்பவர்களிடம் அவள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அளக்கும்போது பக்கத்தில் என்ன இருந்தது? காலையிலிருந்து அதை ஒருவரிடமும் கேட்கவில்லை.

"ஆண்ட்டி, அப்பா இங்க யாரோட சாப்பிடுவாரு?"

"என் வீட்டுக்காரரோட. அந்த மனுசனுக்கு ஈரல் இல்லாட்டி இறங்காது."

"தனியா வந்தா என்ன கேப்பாரு?"

ஆண்ட்டி கரண்டியை நிறுத்தினாள். "தனியாவா?" "தனியா வந்ததில்லையே. என் வீட்டுக்காரர் தவறிப் போனதுக்கப்புறம் வரவே இல்ல. கோவமோன்னு நினைச்சேன்."

பெக் ஹூன் எழுந்தாள். மீ வேண்டாம் என்றாள். ஆண்ட்டி திட்டினாள். மழையோடு மாடிக்கு வந்தாள்.

தூக்குச்சட்டியை ஒரு நாற்காலியில் தனியாக வைத்தாள். பாகற்காயை ஜன்னலோரம் வைத்தாள். மேசை காலியாக இருந்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அப்பாவுக்கு என்ன பிடிக்கும்? இன்னும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் தெரியவில்லை. ஒன்று மட்டும் மூன்று இடத்திலும் மாறவில்லை. எதிரில் ஒரு ஆள்.

காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சோறு வைத்தாள். முட்டை இரண்டைப் பொரித்தாள். சோற்றின் மேல் போட்டு, சோயா சாறு விட்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்து தனியாக இருந்தால் அவள் சாப்பிடுவது இதுதான். இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி வைத்தாள். ஊதுபத்தி கொளுத்தினாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டும். அத்தை சொன்னது நன்றாகவே ஞாபகம் இருந்தது. உன்னைப் பார்த்துவிட்டால் கிளம்பமாட்டான்.

ஆனால் எதிரில் ஆள் இல்லாவிட்டால் சாப்பிடவேமாட்டாரே.

எது சரி என்று தெரியாமலேயே உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். எதிர்த் தட்டில் சோற்றின் ஆவி எழுந்தது.

பாதித் தட்டு வந்தபோது சற்குணன் சொன்னது நினைவுக்கு வந்தது. இலையை மூடும் வரைக்கும் எழுந்திருக்கமாட்டார். அப்படியானால் அவர் கிளம்ப வேண்டுமென்றால் இவள் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

போன் அடித்தது. அத்தை. "உள்ள போயிட்டியா?"

"போறேன் அத்தை. சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"இந்நேரத்துலயா? சீக்கிரம் முடி!"

"முடிக்கிறேன்," என்றாள் பெக் ஹூன். கரண்டி முனையில் ஒரு பருக்கையை எடுத்தாள். மென்றாள். பிறகு இன்னொரு பருக்கை.