பக்கத்து சீட்டில் கோட் எழுதியவர்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் இரண்டு வருடம் என் பக்கத்து சீட்டில் வந்தவர் அவர். தூத்துக்குடிக்காரர், ஒல்லி உடம்பு, கழுத்தில் சின்னச் சிலுவை. உட்கார்ந்ததும் மடியில் லேப்டாப்பை விரித்துவிடுவார். யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய மென்பொருள் ஒன்றுக்கு, முகம் தெரியாத பலரோடு சேர்ந்து கோட் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் திரையில் வானவில் கொடி போட்ட குரூப் ஒன்று தெரிந்தது. அந்த மென்பொருள்காரர்களில் தன்பால் விரும்பிகளும் திருநர்களும் பேசிக்கொள்ளும் இடம் என்றார். கொஞ்சம் தயங்கி, "நானும் அப்படித்தான் அண்ணே" என்றார்.

"கோட் எழுதறதுக்கு இன்னாத்துக்குப்பா தனி குரூப்பு?"

"மத்தவங்ககிட்ட கோட் பத்தித்தான் பேச முடியும். வீட்ல பொண்ணு பாக்காங்கன்னு இங்கதான் அழ முடியுது."

அடுத்த மாதம் அவரோடு ரூமில் தங்கியிருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்து, அவருடைய துணிகளைத் தெருவில் வீசிவிட்டார்கள். செத்துப்போ என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டாராம். ஷிப்ட் முடிந்து இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு நாள் உங்க வீட்ல இருந்துக்கிடட்டுமா அண்ணே?"

"வூட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்கவில்லை.

மறுநாள் சீட் காலி. போன் ஸ்விட்ச் ஆஃப். பயந்துபோய், சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷன் வரை தேடினேன். மூன்றாம் நாள் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. குரூப்பில் இருந்த ஒருவர், அதுவரை அவரை நேரில் பார்த்திராதவர், பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்.

"சாப்பிட்டேன் அண்ணே, கவலைப்படாதீங்க" என்று முடித்திருந்தார்.