கசப்புக்கு ஒரு நாக்கு, வாசனைக்கு ஒரு மூக்கு

என் அக்கா புருஷனுக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் ‘சொட்டு’ என்று பெயர். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பழைய ஓட்டலில், மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமாக ஒரு பார் இருக்கிறது. அங்கே வெகுகாலமாக மது கலந்து கொடுப்பவர் அத்தான்தான். ஆனால் குடிக்க மாட்டார். எதையாவது ருசி பார்க்க வேண்டுமென்றால் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கு நுனியால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. “முழு பாட்டில்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்பார்.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது, மாப்பிள்ளைக்கு பாரில் வேலை என்றதும் எங்கள் அம்மா முகத்தைச் சுளித்தாள். அக்காதான் பிடிவாதமாக நின்றாள். “நாள் பூரா பாட்டிலுக்கு நடுவுல நின்னும் குடிக்காத மனுஷன். இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேணும் உனக்கு?” என்று கேட்டாள்.

அக்கா ஒரு மாணவர் விடுதியில் தலைமைச் சமையல்காரி. பெரிய பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. அடுப்பிலிருந்து தள்ளி நின்றபடியே, “வெங்காயம் இன்னும் வதங்கணும்டி, அவசரப்படாதே” என்று உதவியாளர்களைச் சத்தம் போடுவாள். மூக்கிலேயே சமைக்கிறவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவர்கள் மாடியில் இருக்கும் கட்டடத்திலேயே கீழ்வீட்டில் குடியிருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் தீய்ந்த நாற்றம் படியிறங்கி என் வீட்டுக்கே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பால் பாத்திரம் கருகிப் புகைந்துகொண்டிருக்கிறது. அக்கா அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிதானமாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வாரமே விடுதி வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

“கெட்டுப்போனது தெரியாம பிள்ளைங்களுக்குப் பரிமாறிட்டேன்னா என்ன பண்றது?” என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார். வீடு அமைதியாகிவிட்டது. உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிந்தன. ஆனால் காகிதத்தில் உப்பைத் தூவி மெல்லுவது போல இருக்கிறது என்றாள். அத்தான் பார்த்துப் பார்த்துக் கேக், சாக்லேட், நல்ல பழம் என்று வாங்கி வருவார். நானும் ஐஸ்கிரீமோடு மாடிக்குப் போவேன். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில், “ம்… நல்லாயிருக்கு” என்பாள். அந்த ‘நல்லாயிருக்கு’ எங்களுக்காகச் சொன்னது என்று மூன்று பேருக்குமே தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் ஊரில் பிட்டர்ஸ் கிடைக்காமல் போனது.

பிட்டர்ஸ் என்பது கிளாஸில் ஊற்றிக் குடிக்கிற சரக்கு இல்லை. கசப்பு வேரையும் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் மாதிரியான வாசனைச் சாமான்களையும் சாராயத்தில் ஊறவைத்து வடித்த சாறு. சின்னக் குப்பியில் வரும். ஒரு கிளாஸுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். அது எதற்கு என்று ஒருமுறை கேட்டபோது அத்தான் சொன்னார்: “அது இல்லைன்னா, நாலு பேர் ஒரே ரூம்ல ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்டா. ரெண்டு சொட்டு விழுந்ததும் பேச ஆரம்பிச்சிடுவாங்க.”

அந்தக் குப்பிதான் திடீரென்று எங்கும் இல்லை. மொத்த வியாபாரி கப்பல் வரவில்லை என்றார். இன்னொருவர், தொழிற்சாலையில் குப்பிக்குக் கண்ணாடி இல்லை என்றார். மூன்றாமவர், “அது என்ன சார், இருமல் மருந்தா?” என்று கேட்டார். அத்தானுக்கு விடுமுறை நாளில் என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் ஊரைச் சுற்றினோம். ஒரு பாரில், கடைசிச் சொட்டும் தீர்ந்துவிட்டது என்று அங்கே மது கலக்கிறவர் கையை விரித்தார். அவருக்குப் பின்னாலேயே அலமாரியில் குப்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் நான் கொதித்தேன்.

“விடுடா. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்” என்றார் அத்தான்.

கடைசியில் அத்தானோடு ஒரு காலத்தில் ஒன்றாக வேலை பார்த்த சிநேகிதர், தன்னிடம் இருந்த கொஞ்சத்தில் பாதியைக் கழுவிக் காயவைத்த கண் மருந்துக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். அத்தான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழி நெடுக ஒரு கையால் பொத்தியபடியே ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

“இதைக் கலக்கிறதுக்கு வெச்சுக்க மாட்டேன். பார்த்துச் செய்யறதுக்கு மாதிரியா வெச்சுக்கறேன்” என்றார். மாற்று தேடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

பாரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எலுமிச்சை சேர்கிற கலவைக்குப் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போதும். புளிப்பு மற்ற குறையை மூடிவிடும். இனிப்பு ஒயின் சேர்கிறதில், கசப்பான கறுப்பு மது ஒன்றைக் கொஞ்சம் விட்டுச் சர்க்கரையைக் குறைத்தார். சோடாவுக்கு, கொதிக்கவைத்துச் சுண்டவைத்த தேயிலைச் சாறு. யாரும் புகார் சொல்லவில்லை. ஆனால் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை. விஸ்கி, ஒரு சர்க்கரைக் கட்டி, பிட்டர்ஸ், அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள அதில் இடமே கிடையாது.

அதைக் கேட்கிறவர் ஒரு வயதான தையல்காரர். சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போவார். அத்தான் காப்பிச் சாறும் கிராம்பும் சேர்த்து ஏதோ செய்து கொடுத்தார். தையல்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். கிளாஸில் கால்வாசி மிச்சம் இருந்தது. அவர் மிச்சம் வைத்து அத்தான் பார்த்ததே கிடையாது.

“திட்டியிருந்தாகூட பரவாயில்லைடா” என்று என்னிடம் வந்து புலம்பினார்.

மறுநாள் மூலிகைக் கடையில் கசப்பு வேர் வாங்கி வந்தார். சமையலறை ஜன்னலில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக ஏறின. ஒன்றில் வேர், ஒன்றில் ஆரஞ்சுத் தோல், ஒன்றில் பட்டையும் கிராம்பும், இன்னொன்றில் வறுத்த காப்பிக்கொட்டை. எல்லாம் சாராயத்தில் மூழ்கிக் கிடந்தன. வீடு கமகமத்தது. எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டி, “என்ன விசேஷம்?” என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “என்னடா வாசனை வருது?”

நான் ஒரு மடையன். “அப்படியே தூக்குதுக்கா!” என்றேன்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அத்தான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் வேலைக்குப் போகும் வழியில், எல்லா ஜாடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து என் வீட்டில் வைத்தார்.

அக்கா விடுவாளா? காலையில் கீழே இறங்கி வந்து, “ஜாடியெல்லாம் இங்கதானே இருக்கு?” என்று நேராக என் சமையலறைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே அத்தான் ஓடி வந்தார்.

“என்கிட்டேருந்து ஒளிச்சு வெச்சீங்களா?”

“ஒளிக்கல. உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு…”

“ஏங்க, மோப்பம்தான் போச்சு. ஆளே போயிட்ட மாதிரி பண்றீங்க!”

அக்கா கோபத்தோடு, கைக்கு முதலில் அகப்பட்ட ஜாடியைத் திறந்து, கரண்டிக் காம்பால் தொட்டு, அவர் செய்வது போலவே புறங்கையில் ஒரு சொட்டு வைத்து நக்கினாள். அது வேர் ஜாடி.

அவள் முகம் கோணியதை எழுத்தில் சொல்ல முடியாது. கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கி, காலைத் தரையில் உதைத்தாள். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். கிளாஸை நீட்டியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்; கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

“கசக்குதுங்க! ஐயோ, என்னமா கசக்குது! இத்தனை மாசமா ஆளாளுக்கு ஸ்வீட்டா வாங்கிக் கொட்டினீங்களே, ஒருத்தருக்காவது கசப்பா ஒண்ணு குடுக்கத் தோணுச்சா?”

தண்ணீரை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. இன்னொரு சொட்டு எடுத்தாள். இந்த முறை அத்தான் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“இது சரியில்லை” என்றாள்.

“ஏன், நல்ல வேர்தானே?”

“நாக்கு நுனியில சும்மா இருக்கு. பின்னாடி போய் அடிக்குது. அடிச்சிட்டு அங்கேயே குடித்தனம் வெச்சிடுது. விருந்தாளி மாதிரி வந்துட்டுக் கிளம்பணும்.”

அத்தான் சட்டைப் பையிலிருந்து கண் மருந்துக் குப்பியை எடுத்தார். அதில் ஒரு சொட்டை அவள் கையில் விட்டார். அக்கா ருசித்துவிட்டுத் தலையாட்டினாள். “இதோ, இது கிளம்பிடுச்சு.”

அப்போதுதான் அத்தானுக்கு விளங்கியது. இவ்வளவு நாளும் கிராம்பும் ஆரஞ்சும் மூக்கைப் பிடித்து இழுத்த இழுப்பில், கசப்பு எங்கே தப்பாக நிற்கிறது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அக்காவை அந்த வாசனைகள் எதுவும் ஏமாற்றவில்லை. அவள் நாக்குக்கு முன்னால் கசப்பு தனியாக நின்றது.

அன்றிலிருந்து மாடியில் ஒரே பேச்சுச் சத்தம்தான். வேரைக் குறைவாக ஊறவைக்க வேண்டும் என்பாள் அக்கா. கூடுதல் நாள் ஊறினால்தான் இறங்கும் என்பார் அத்தான். ஆரஞ்சுத் தோலின் உள்பக்க வெள்ளையைச் சுரண்டி எறியாமல் சேர்க்கச் சொன்னவள் அவள்தான். கசப்பு முன்நாக்கில் தொடங்குவதற்கு அது உதவியது. கருக்கிய சர்க்கரையும் அவள் யோசனை. பட்டை கூடியதா, காப்பி தூக்கலாக இருக்கிறதா என்பதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். அவள் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு அவர் மூக்கருகே நீட்டுவாள். அவர் மோந்து பார்த்து, “கிராம்பு பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்கு” என்பார். அப்புறம் அவள் ருசி பார்த்து, “இன்னும் கிளம்ப மாட்டேங்குது” என்பாள். சண்டை முற்றினால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் எதைச் சொன்னாலும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, “உனக்கு என்ன தெரியும்?” என்பார்கள். இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்து பார்த்து எத்தனை நாளாயிற்று! நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒருவழியாக ஒரு குப்பி நிறைந்தது. அந்தச் சனிக்கிழமை அக்கா, “நானும் வரேன்” என்றாள். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவள் அந்த பாருக்குள் கால் வைத்ததே இல்லை. அத்தான் கவுன்டரின் கோடியில், எலுமிச்சைக் கூடைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் அவளுக்குத் துணையாம்; என்னையும் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள்.

தையல்காரர் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். அத்தான் சர்க்கரைக் கட்டியின் மேல் எங்கள் குப்பியைச் சாய்த்தார். கலக்கிக் கொண்டுபோய் வைத்தார். அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் எலுமிச்சைகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

தையல்காரர் ஒரு வாய் குடித்தார். கிளாஸைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“துணி வேற” என்றார்.

அத்தான் முகம் விழுந்துவிட்டது.

“ஆனா தையல் பிரமாதமா இருக்கு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. நீங்களே பண்ணினதா?”

“பாதிதான் நான். மீதி அவங்க” என்று அத்தான் முகவாயால் கவுன்டர் கோடியைக் காட்டினார். “எங்க வீட்டம்மா.”

தையல்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அக்காவைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். எத்தனையோ பேருக்கு அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டியவள், கையிலிருந்த எலுமிச்சையை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்தாள். அன்றைக்கு கிளாஸ் காலியாகத்தான் திரும்பி வந்தது.

சில மாதம் கழித்துக் கப்பல் வந்து, கடைகளில் பழைய குப்பி மறுபடி கிடைத்தது. முதலாளி பழையதையே ஊற்றச் சொல்லிவிட்டார். அத்தானுக்கும் அதில் ஒன்றும் மனக்குறை இல்லை. ஆனாலும் கேட்கிறவர்களுக்கென்று வீட்டுக் குப்பியும் அலமாரியில் இருக்கிறது. அக்கா விடுதிக்குத் திரும்பிப் போய்விட்டாள். பாலையும் எண்ணெயையும் மோந்து பார்த்துச் சொல்ல ஒரு உதவியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். “எனக்கு ரெண்டு மூக்கு. ஒண்ணு லீவுல இருக்கு, ஒண்ணு சம்பளத்துல இருக்கு” என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வாரம் ஒரு காலையில் என் கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். திறந்தால் அத்தான். பனியனோடு, ஈரக்கையோடு நிற்கிறார். மூச்சு வாங்குகிறது.

“டேய் மச்சான்! உங்க அக்காவுக்கு நாறுதுடா!”

“என்னது?”

“சோப்பு! துணி துவைக்கிற சோப்பு! அழுகின முட்டை மாதிரி நாறுதாம்!”

மேலே ஓடினோம். அக்கா வாளிக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படித் தப்பும் தவறுமாகத்தான் சிலருக்கு முதலில் திரும்பி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அத்தான் சமையலறைக்குள் பாய்ந்து கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் பரப்பினார். வெங்காயத்தை நீட்டினார், ஒன்றும் தெரியவில்லை என்றாள். மிளகை நீட்டினார், அதுவும் இல்லை. ஏலக்காயை நசுக்கி நீட்டியபோது மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

“பெட்ரோல்” என்றாள்.

“பெட்ரோலா? சபாஷ்!” என்று அத்தான் அந்த ஏலக்காயை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.