கனவென்று நினைத்துக் கதைத்தது

சம்மாந்துறையில் ஒரு பாடசாலைக்கு எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்த அதே மாதத்தில் ஒரு மாப்பிள்ளையும் கிடைத்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைக் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்தவர். ஆளில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவருடைய வீட்டார்தான், கலியாணம் முடிந்தால் பெண் வேலைக்குப் போகக்கூடாது என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாப்பா யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கோ வேலையும் வேண்டும், அவரும் வேண்டும். அதை வாப்பாவிடம் சொல்லப் போனால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த நாட்களில்தான் ஒரு பழைய சஞ்சிகையில் படித்தேன். கனவு காணும்போதே இது கனவு என்று கண்டுபிடித்துவிட்டால், அதற்குள் நாம் நினைத்ததையெல்லாம் செய்யலாமாம். உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். ரேகை தெரியாவிட்டால் கனவு. பறப்பதில் எனக்கு ஆசை இல்லை. மாப்பிள்ளையின் உம்மாவை முன்னால் இருத்தி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். நண்பகல் லுஹர் தொழுது, சோறு தின்று, பாயில் மல்லாந்து, கையைப் பார்த்தபடியே தூங்கப் பழகினேன். நித்திரை தாராளமாக வந்தது. கனவுதான் சொன்னபடி கேட்கவில்லை.

ஒரு நாள் பகல் முழிப்பு வந்தது, உடம்பு வரவில்லை. கண் திறந்திருக்கிறது, முகட்டு ஓடு தெரிகிறது, விரலை அசைக்க முடியவில்லை. நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி நெஞ்சில் பாரம். கால்மாட்டில் யாரோ நிற்பதாகத் தோன்றியது. ஜின் அமுக்குகிறது என்று உம்மா சொல்வது இதைத்தான். காவலுக்கு ஓதும் குர்ஸி ஆயத்தை ஓதப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. செத்துப்போய்விட்டேன் என்றே பயந்தேன். பிறகு கோபம் வந்தது. வாப்பாவின் முன்னால்தான் வாய் திறக்காது, என்னுடைய பாயிலுமா? இருந்த பலத்தையெல்லாம் கால் பெருவிரலுக்கு அனுப்பினேன். அது அசைந்ததும் உடம்பு முழுவதும் சட்டென்று கழன்று வந்தது.

எழுந்தால், முன் அறையில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் உம்மா கதிரையில் இருக்கிறார்! சொல்லாமல் கொள்ளாமல் வருகிற ஆளல்ல அவர். ஜன்னல் சாத்தியிருந்த அறையின் அரை இருட்டில் கையைப் பார்த்தேன். ரேகை ஒன்றும் தெரியவில்லை. கனவு அகப்பட்டுவிட்டது என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமி, கலியாணம் முடிச்சி உங்கட மகன் எங்க வந்து இரிக்கப் போறார்? இந்த வீட்டுலதானே? வாப்பா இதை என்ட பேருலதானே எழுதித் தாறார்? எங்கட ஊர் வழக்கப்படி வாறவர் அவர். வாறவர்ர கடையை நாங்க மூடச் சொல்லல்ல. அப்ப வீட்டுக்காரி நான் ஏன் வேலையை விடணும்?"

அவர் கையிலிருந்த கோப்பை ஆடி, தேநீர் என் காலில் சிந்தியது. நன்றாகச் சுட்டது. வாசல் வெளிச்சத்தில் கையை விரித்துப் பார்த்தேன். ரேகைகள் ஒன்று விடாமல் இருந்தன.

பக்கத்தில் நின்ற என் உம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சமாளிக்கத் தெரிந்தவர். "புள்ளைக்கு ஜின் அமுக்கியிரிக்கி. நித்திரை கலையாம என்னமோ கதைக்குது. நீங்க மனசுல எடுக்க வேணாம்" என்றார்.

தப்பிக்க நல்ல வழிதான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனால் போதும். என் வேலையும் என்னோடு உள்ளே போய்விடும்.

"இல்ல உம்மா" என்றேன். "இப்ப நான் முழிச்சித்தான் இரிக்கன். முழிச்சிக்கிட்டும் அதைத்தான் கேக்கன்."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். மீதித் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்தார்.

"பள்ளிக்கூடம் சம்மாந்துறையிலதானே?"

"ஓம் மாமி."

"அப்ப மகன் கடைக்குப் போற வழியில உங்களைப் பஸ் ஏத்தி விடட்டும்" என்றார்.

நான் இன்னொரு தடவை கையைப் பார்த்துக்கொண்டேன்.