தேத்தண்ணிக்கு முன்னால் சொல்கிற 'இல்லை'

ஏப்ரல் மாதத்தில் கணேஸ்வரனின் சாம்பல் நிறக் கார் தெருமுனையில் திரும்பினால், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் தாய்மார் யன்னலால் எட்டி, அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். கிரீக்மவுத் ரோவர்ஸ் என்ற சின்னக் கால்பந்துக் கழகத்தின் இளைஞர் அகடமிக்குப் பதினெட்டு வருடமாக அவர்தான் டிரெக்டர். பதினெட்டு வயதை எட்டிய பையன்களில் யாருக்கு ஒப்பந்தம், யாரை அனுப்பிவிடுவது என்று அறிவிக்கிற மாதம் அது. ஒப்பந்தம் கிடைத்தவனை ஒபிசுக்குக் கூப்பிடுவார். கிடைக்காதவனின் வீட்டுக்குத் தானே போவார். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார். உட்காருவதற்கு முன்பே, தேத்தண்ணி வருவதற்கு முன்பே "இல்லை" என்று சொல்லிவிடுவார். அதன்பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பார். ஒரு கானா நாட்டுத் தகப்பன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியபோது, கதவு மறுபடி திறக்கும்வரை ஒரு மணி நேரம் படிக்கட்டில் குந்தியிருந்தவர் அவர்.

மற்றக் கழகங்கள் கடிதத்தோடு அலுவலை முடித்துவிடும். லண்டனில் கழுத்தை அறுப்பதென்றாலும் நன்றி சொல்லித்தான் அறுப்பார்கள். கணேஸ்வரனுக்கும் அந்த நன்றி ஒருமுறை வந்தது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம். குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்ற களைப்பு இன்னும் காலில் இருந்தது. வயது பதினெட்டு. ஒரு கழகத்தின் தெரிவுக்குப் போய் விளையாடியிருந்தார். கடிதம் வந்தது: உங்கள் ஆட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தோம், உங்கள் கால்பந்து வாழ்க்கையில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறோம். வடக்கு லண்டன் எட்மண்டனில் அவரோடு ஒரே அறையில் இருந்த செல்வரத்தினம் அண்ணை அதை மூன்று தரம் வாசித்தார். "வாழ்த்துறாங்களடா. எடுத்திட்டாங்கள்," என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை புதுச் சப்பாத்தும் பையுமாகக் கணேஸ்வரன் மைதானத்துக்குப் போனார். கேட்டில் நின்றவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார், பெயர் இல்லை; பிறகு இவரைப் பரிதாபத்தோடு பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் அவருக்குச் சுடும்.

அந்தச் சூட்டிலேதான் மனிதர் வளர்ந்தார். பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, பிறகு கோச் பரீட்சைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. முப்பத்திரண்டு வயதில் அகடமி அவர் கைக்கு வந்தது.

இந்த வருடம் மார்ச்சில் கழகம் தோற்றுத் தோற்று லீக் பட்டியலின் அடியில் கிடந்தது. சேர்மன் மனேஜரை அனுப்பிவிட்டு, மிச்சம் ஒன்பது ஆட்டத்துக்கும் கணேஸ்வரனைத் தற்காலிக மனேஜர் ஆக்கினார். முதல் கிழமையே இரண்டு பேர் காயம். அகடமியிலிருந்து பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன் ஹரிசனை எடுத்தார். ஹரிசன் இரண்டு கோல் அடித்தான்.

வேடிக்கை என்னவென்றால், பெப்ரவரியில் இதே கணேஸ்வரன் எழுதிய அனுப்பும் பட்டியலில் ஹரிசனின் பெயரும் இருந்தது. சேர்மன் கொடுத்தது மூன்று ஒப்பந்தம்; மூன்றும் கையெழுத்தாகிவிட்டன. சீசன் முடிந்ததும் நாலாவது ஒன்று கேட்கலாம், அதுவரை அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. ஒபிசில் வேலை செய்யும் ஜதுர்ஷிகா வந்து கேட்டபோது அவர் எதிரணியின் வீடியோவுக்குள் தலையை விட்டிருந்தார்.

"அண்ணை, இந்த முறை வீடுகளுக்குப் போவீங்களோ?"

"எங்க பிள்ளை நேரம்? இமெயிலைப் போட்டுவிடுங்கோ."

பதினெட்டு வருட வழக்கம் ஒரு வாக்கியத்தில் போனது. ஊருக்குத்தான் உபதேசம் என்று நாம் சிரிக்கலாம். ஒன்பது ஆட்டம் தலையில் இருந்தால் நாமும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை, வெளியூரில். ஒரு புள்ளி எடுத்தால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பும். பஸ் லண்டனைத் தாண்டும்போது, பத்து மணிக்கு, ஜதுர்ஷிகா நேரம் குறித்து வைத்திருந்த இமெயில் தானாகப் போனது. ஹரிசன் பின்சீட்டிலிருந்து எழும்பி வந்து போனை நீட்டினான்.

"அங்கிள், இது எனக்கோ?"

கணேஸ்வரன் வாசித்தார். எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறோம் என்றிருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் முன்வரிசை ஆட்டக்காரர்களில் காயமில்லாமல் இருந்தவன் இவன் ஒருவன்தான்.

"பிழையாப் போயிட்டுது தம்பி. உன்னை வச்சிருக்கிறம். நீ போய் இரு."

ஹரிசன் தாயாருக்கு அதை அப்படியே போனில் சொன்னது முன்சீட்டுக்குக் கேட்டது. எழுபத்தெட்டாவது நிமிடத்தில் அவன் அடித்த கோலில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று முடிந்தது. கழகம் தப்பியது. சேர்மன் கணேஸ்வரனைக் கட்டிப்பிடித்தார்.

திங்கட்கிழமை கணேஸ்வரன் நாலாவது ஒப்பந்தம் கேட்டார். சேர்மன் மரியாதையாகச் சொன்னார்: ஜூனில் வெளியிலிருந்து புது மனேஜர் வருகிறார், அவருக்குத் தன் ஆட்கள் வேண்டும், இடமில்லை. கணேஸ்வரன் அரை மணி நேரம் மன்றாடினார். தனக்கே மனேஜர் பதவி இல்லை என்று சேர்மன் சொல்லிவிட்டது, காரை எடுத்துக்கொண்டு பாதி வழி வந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஹரிசனின் வீடு பார்க்கிங்கில் ஐந்தாம் மாடி. கதவைத் திறந்த தாய் சிவமலர், முதியோர் இல்லத்து ஷிப்ட் உடுப்போடு நின்றாள். உள்ளே கேசரி மணத்தது. வாசலில் ஹரிசனின் கால்பந்துச் சப்பாத்து கழுவித் துடைத்து, புது நாடா கோத்து வைத்திருந்தது.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. ஒபிசுக்கெல்லோ கூப்பிடுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனாங்கள்..."

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. கணேஸ்வரன் பதினெட்டு வருடமாகச் சொன்ன சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை.

"இல்லையோ, அண்ணை?"

"இல்லை, தங்கச்சி."

ஹரிசன் அறை வாசலில் வந்து நின்றான். "பஸ்ஸில வச்சிருக்கிறம் எண்டு சொன்னீங்கள், அங்கிள்."

"அது பொய். வச்சிருக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. நீ அண்டைக்கு விளையாடவேணும் எண்டதுக்காகச் சொன்னனான்."

அவன் கத்துவான் என்று கணேஸ்வரன் எதிர்பார்த்தார். கத்தினால் நல்லது என்றும் இருந்தது. அவன் குனிந்து சப்பாத்தை எடுத்தான்.

"உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் விளையாடியிருப்பன், அங்கிள்," என்றான்.

கணேஸ்வரன் அந்த வாசலிலேயே இருந்து அழுதார். அன்றைக்குக் கேட்டில் நின்றபோதுகூட அவர் அழவில்லை. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்குக் கண்ணைத் துடைக்க டிஷ்யூ எடுத்துக் கொடுத்தவருக்கு, இந்த வீட்டில் ஹரிசன் எடுத்துக் கொடுத்தான்.