கடைசிப் பத்து நிமிஷம்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு முக்கியமான வேலை ஒன்றே ஒன்றுதான்: வருகிறவர்களை உட்கார வைப்பது. கன்னம் வீங்கி வந்தாலும் சரி, கண்ணீர் விட்டுக்கொண்டு வந்தாலும் சரி, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்பாள். அதனால் அந்த வட்டாரத்தில் அவளுக்கு 'உட்காருங்க மேடம்' என்றே பெயர். நாமும் மேடம் என்றே வைத்துக்கொள்வோம். ஊரையே உட்கார வைக்கிற இந்த மேடத்துக்கு, ஒரு சினிமாவில் முழுசாக உட்கார இருபது வருஷத்துக்கு மேலாகக் கொடுத்து வைக்கவில்லை.

காரணம் அவள் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொள்கிறவன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, நினைத்தபோது மிதிக்கிற உத்தியோகம். வீட்டுக்கு வரும்போது அந்த பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டு வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை படம் விட்டு வெளியே வந்தபோது, தியேட்டர் பார்க்கிங்கில் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னால் இருந்தவன் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் முழித்தான். பின்னால் இருந்தவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனிதர், ஓட்ட முடியாமல் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். அந்த அவமானத்தில் ஒரு சபதம் எடுத்தார்: இனிமேல் எந்தப் படமானாலும் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எழுந்துவிடுவது. மற்ற ஆண்கள் சிகரெட்டை விடுகிறேன், கோபத்தை விடுகிறேன் என்று சபதம் எடுத்து மறுவாரமே மறந்துபோவார்கள். இவர் கிளைமாக்ஸை விட்டார், விட்டது விட்டதுதான்.

அன்றிலிருந்து, வில்லன் கத்தியை எடுக்கும்போது வாத்தியார் செருப்பைத் தேடுவார். கதாநாயகி ரயிலேறப் போகும்போது மேடத்தின் தோளைத் தட்டுவார். "ம், கிளம்பு." மகள் பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி ரோட்டைத் தொட்டதும் பின் சீட்டிலிருந்து, "அப்பா, அப்புறம் என்ன ஆகும்?" என்று அந்தக் குழந்தை கேட்கும். வாத்தியார் கியரை மாற்றிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார்.

"என்ன ஆகும்? வில்லன் சாவான், இவங்க ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்க. இதுக்குப் போய் உட்கார்ந்திருக்கணுமா?"

எத்தனை இயக்குநர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு எடுத்திருந்தாலும், அந்த வீட்டைப் பொறுத்தவரை எல்லாப் படத்துக்கும் கிளைமாக்ஸ் வாத்தியார் உபயம்தான்.

அதை நம்பித்தான் மேடமும் காலத்தை ஓட்டினாள், போன மாதம் வரை. பல் பிடுங்க வந்த ஒரு அம்மாள், பயத்தை மறப்பதற்காகப் பழைய படம் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தார். மேடமும் ஆசையாகச் சேர்ந்துகொண்டாள்.

"எனக்கு அந்தப் படம்னா உயிர். அதுவும் கடைசியில ரெண்டு பேரும் சேருவாங்களே."

வாயில் பஞ்சு வைத்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அவதான் செத்துப்போயிடறாளேம்மா," என்றார் அந்த அம்மாள். "அவன் அவளோட குடையை எடுத்துக்கிட்டுத் தனியா நடந்து போவான். பார்த்தவங்க எல்லாம் அழுதாங்களே. நீங்க எந்தப் படத்தைப் பார்த்தீங்க?"

மேடத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் எங்கோ சௌக்கியமாகக் குடித்தனம் நடத்துகிறாள் என்று இவள் நினைத்திருந்த ஒருத்தி செத்தே போயிருக்கிறாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் நின்று நிஜமாகவே அழுதாள். எதற்கு அழுகை என்று கேட்ட வாத்தியாரிடம் வெங்காயம் என்றாள். அடுப்பில் பால் மட்டும்தான் இருந்தது. அவர் அதையும் கவனிக்கவில்லை. பால் பொங்குவதற்குள் மேடம் முடிவு செய்துவிட்டாள்: ஒரு படத்தையாவது கடைசி வரைக்கும் பார்த்தே தீர வேண்டும்.

வாய்ப்பை டாக்டரே கொடுத்தார். அவருக்கே பல் வலி வந்துவிட்டது. சொந்த மருத்துவமனையின் லட்சணம் தெரிந்தவராதலால், பிடுங்கிக்கொள்ள வேறொரு டாக்டரிடம் போனார். மேடத்துக்கு விடுமுறை. அன்றைக்கென்று மூன்று புதுப் படங்கள் ஒரே வளாகத்தில் ஓடின.

"ஒரே நாள்ல மூணு படமா?" என்றார் வாத்தியார். "கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"கண்ணுக்குத் தனியா டாக்டர் இருக்காரு."

"சரி, என்னமோ பண்ணு. சாயங்காலம் கடைசிப் படம் விடற நேரத்துக்கு நான் வண்டியோட வந்துடறேன்."

முதல் படம் சண்டைப் படம். கதாநாயகன் ஒரு கையால் வில்லனின் ஆட்களையும் இன்னொரு கையால் தன் தலைமுடியையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவழியாக வில்லனின் கோட்டைக் கதவை உதைத்தான். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது, யாரோ ஒருவரின் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தோளை யாரும் தட்டவில்லை, கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை. கால்கள் இரண்டும் பழக்க தோஷத்தில் தாங்களாகவே எழுந்து, நாலு பேர் முழங்காலைத் தாண்டி, படியிறங்கி வந்திருந்தன.

"எந்த வண்டிம்மா?" என்று காவலாளி கேட்டார்.

"பஸ்," என்றாள் மேடம்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திரும்ப ஓடுவதற்குள் கூட்டம் வெளியே வந்துவிட்டது. வில்லனின் கதியை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

இரண்டாவது படத்தில் எச்சரிக்கையாக வரிசையின் நட்டநடுவில் இடம் பிடித்தாள். கைப்பையின் வாரை நாற்காலியின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். காதல் படம். காதலர்கள் இடைவேளை வரை பேசிக்கொள்ளவே இல்லை. இடைவேளைக்குப் பிறகு பேசியதைக் கேட்டால், பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கடைசியில் அவன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது போன் அதிர்ந்தது. டாக்டர். பல் பிடுங்கிக்கொண்டு தன் மருத்துவமனைக்குத் திரும்பி வந்து, வாய் மரத்த நிலையில் பேசினார்.

"மாத்தழை... எந்தழ... வெச்சிருங்கீங்ழ?"

மேடம் குனிந்து கிசுகிசுத்தாள். "என்ன டாக்டர்?" அவர் மறுபடியும் அதையே குழறினார். சுற்றிலும் 'உஷ்' என்றார்கள். வேறு வழியில்லாமல் முடிச்சை அவிழ்த்து வெளியே ஓடினாள். ஊராருக்கெல்லாம் வலி மாத்திரை எழுதிக்கொடுக்கிற மனிதருக்குத் தன் மேசையில் அது எந்த இழுப்பறையில் இருக்கிறதென்று தெரியவில்லை. இரண்டாவது இழுப்பறை என்று அவருக்குப் புரிய வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேடத்துக்கு அந்த டாக்டரின் மிச்சப் பற்களையும் தன் கையாலேயே பிடுங்கலாம் என்றிருந்தது.

மூன்றாவது படத்துக்குக் கூட்டமே இல்லை. அடிதடி கிடையாது, பாட்டும் கிடையாது. ஒரு வீட்டுக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்ட அக்கா, தங்கை. பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு வருஷக்கணக்காக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. படம் நத்தை வேகத்தில்தான் நகர்ந்தது. ஆனால் மேடம் அசையவில்லை. அக்கா பெட்டியோடு வீட்டை விட்டுப் போன பிறகு போன் மறுபடி அதிர்ந்தது. வாத்தியார்.

"பத்து நிமிஷந்தான் இருக்கு. வண்டியை வெளியே போற வழியிலேயே, எல்லாருக்கும் முன்னாடி போட்டிருக்கேன். சட்டுன்னு எழுந்து வா."

கால்கள் இரண்டும் துள்ளின. மேடம் முழங்கால்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வரமாட்டேங்க," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை.

திரையில் தங்கை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பெட்டியோடு திரும்பி வந்து எதிரே நின்றாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, கட்டிப்பிடித்து அழவில்லை. தங்கை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அக்கா உட்கார்ந்தாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது. மேடத்துக்குக் கண்ணீர் நிற்கவில்லை. வாத்தியார் ஆயுசு முழுக்க யோசித்தாலும் இந்த முடிவைச் சொல்லியிருக்க மாட்டார் என்பது அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. இப்படி எத்தனை படங்கள் போயின என்று நினைக்கத் துக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. விளக்குப் போட்டு, துடைப்பத்தோடு ஆள் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தால் பெரிய களேபரம். வாத்தியாரின் வண்டி எல்லோருக்கும் முன்னால், வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, பின்னால் வரவும் இடமில்லை. மூன்று திரையிலிருந்தும் வந்த வண்டிகள் அவர் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "லைசென்ஸ் யாருய்யா குடுத்தது?" என்று ஒருவர் தலையை நீட்டிக் கேட்டார். மேடம் நிதானமாக நடந்து வந்து, ஏறி, பெல்ட்டை மாட்டினாள்.

வண்டி ஒருவழியாக ரோட்டுக்கு வந்தது. திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"கடைசியில என்ன ஆச்சு?"

குரலில் தீர்ப்பு இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற குரல். இந்த மனுஷனும் தன்னோடு சேர்ந்து ஒரு முடிவையும் பார்த்ததில்லை என்பது மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பாவமாகத்தான் இருந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தவள், மனசு வராமல் நிறுத்திக்கொண்டாள்.

"சொன்னா புரியாதுங்க. நாளைக்குப் போய் முழுசா உட்கார்ந்து பாருங்க."

"பார்க்கிங்?"

"பஸ்ஸுல போங்க," என்றாள் மேடம்.